கெடு வைத்து வந்த பணம்: ருவாண்டாவின் மருத்துவர் உருவாக்கத் திட்டம்

2012 ஜூலையில் ருவாண்டாவுக்கு இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. கிழக்குக் காங்கோவில் எம்23 கிளர்ச்சிப் படைக்குப் பின்னால் ருவாண்டா நிற்கிறது என்று ஐ.நா. வல்லுநர் குழு சொன்னதும், நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகள் பட்ஜெட் உதவியை நிறுத்திவைத்தன, அல்லது தள்ளிப்போட்டன. அமெரிக்காவும் தன் பங்குக்குச் சின்னதாக ஒரு ராணுவ உதவியை வெட்டியது. அதே மாதத்தில் அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் ருவாண்டாவுக்கு வந்து, அமெரிக்க அரசும், எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கான உலக நிதியமும் தரும் மானியத்தில் நடக்கவிருந்த ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நாட்டுக்கு வேண்டிய சிறப்பு மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவச்சிகள், பல் மருத்துவர்கள், மருத்துவமனை நிர்வாகிகள் ஆகியோரை உள்நாட்டிலேயே பயிற்றுவிப்பது. ஏழாண்டு கழித்து அமெரிக்க ஆசிரியர் ஒருவர்கூடத் தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுவது. இதுதான் திட்டம். மதிப்பீடு சுமார் 15 கோடி டாலர். சுகாதார மனிதவளத் திட்டம் என்று பெயர்.

கொடையாளர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே, கொடையாளர் பணத்தில் சுயசார்பைக் கட்ட முயன்ற நாடு அது. அந்த முயற்சி பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால், தொகையின் அளவு அங்கே இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. பணம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது, அது உருவாக்கிய ஆட்கள் கடைசியில் யாருடைய சம்பளப் பட்டியலில் சேர்ந்தார்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் முன்னுக்கு வருகின்றன.

1994 இனப்படுகொலையில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பலர் இறந்தார்கள், பலர் எல்லை தாண்டி ஓடினார்கள். கொலையில் பங்குகொண்டவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அதற்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் ருவாண்டா செய்த வேலை சாதாரணமானதல்ல. ஏறத்தாழ 15,000 கிராமங்களிலும் ஊரார் தேர்ந்தெடுத்த சுகாதாரப் பணியாளர்கள், எச்.ஐ.வி. மருந்து, தடுப்பூசி, கொசுவலை என்று அடித்தளம் எழுந்தது. ஆனால் அந்த அடித்தளத்துக்கு மேலே கூரை இல்லை. 2011 வாக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இருந்த மருத்துவர்கள் 600 பேருக்குச் சற்று அதிகம். செவிலியர்களில் பெரும்பாலோர் மேல்நிலைப் பள்ளி அளவிலான படிப்போடு வேலைக்கு வந்தவர்கள். ஆயிரம் பேருக்குக் குறைந்தது 2.3 மருத்துவர், செவிலியர், மருத்துவச்சிகள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஒரு வரம்பு சொல்லியிருந்தது. ருவாண்டா ஒன்றைக்கூட எட்டவில்லை.

சிறப்பு மருத்துவர் இல்லாததால் சிறப்பு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் சிறப்பு மருத்துவர் உருவாகவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஏழை நாடுகள் வழக்கமாகச் செய்வது இரண்டு. மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்புவது. அனுப்பியவர்களில் பலர் திரும்புவதில்லை. வெளிநாட்டு மருத்துவரை வரவழைப்பது. அவர் இரண்டு வாரம் அறுவை சிகிச்சைகள் செய்து, படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார். இரண்டு வழியிலும் மானியப் பணம் நிறையச் செலவாகும். மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் மட்டும் ஒரு புதுப் பெயரும் ஏறாது.

வழக்கமான மானியம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2003-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் தொடங்கிய பெப்ஃபார் என்னும் அமெரிக்க எய்ட்ஸ் நிவாரணத் திட்டம், ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர் என்ற அறிவிப்போடு வந்தது. உயிர் காத்த திட்டம் அது, அதில் ஐயமில்லை. ஆனால் பணம் வாஷிங்டனிலிருந்து கிளம்பி முதலில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கோ பெரிய தொண்டு நிறுவனத்துக்கோ போகும். அவர்கள் அலுவலகச் செலவு என்று ஒரு விகிதத்தை எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் சொந்த வளாகத்து ஆய்வுகளுக்கு இந்த விகிதம் நேரடிச் செலவில் பாதியைத் தாண்டுவது வழக்கம்தான். மிச்சம் துணை ஒப்பந்தக்காரருக்கு. அவர் தலைநகரில் வீடு எடுத்து, ஜீப் வாங்கி, தனி மருந்துக் கிடங்கும் தனிப் பதிவேடும் வைப்பார். அரசு ஆஸ்பத்திரியில் நன்றாக வேலை பார்க்கும் செவிலியரை இரண்டு மூன்று மடங்கு சம்பளத்துக்கு இழுத்துக்கொள்வார். ஐந்தாண்டு கழித்து அவர் கிளம்பும்போது ஜீப்பின் சாவி யாருக்காவது கிடைக்கும். பதிவேடு எவருக்கும் புரியாது. அந்தச் செவிலியர் பழைய சம்பளத்துக்கு அரசு வேலைக்குத் திரும்பவும் மாட்டார்.

ருவாண்டா இந்த வாசலை மாற்றியது. எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களை அமெரிக்க நிறுவனங்கள் நேரடியாக நடத்திவந்த ஏற்பாட்டைப் படிப்படியாக முடித்து, 2012 தொடக்கத்துக்குள் அந்த மையங்களைச் சுகாதார அமைச்சகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆப்பிரிக்காவில் அப்போது இது அபூர்வம். மனிதவளத் திட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெப்ஃபார் பணம், அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் மானியமாக நேரே ருவாண்டா சுகாதார அமைச்சகத்துக்கு வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அமைச்சகம் கேட்ட துறைக்கு, கேட்ட எண்ணிக்கையில் ஆசிரியர்களை அனுப்பின. ஹார்வர்ட், யேல், டியூக் போன்ற இடங்களின் ஆட்கள் தலைநகர் கிகாலியில் ஓர் அமைச்சகத்தின் அட்டவணைக்கு வேலை செய்தார்கள் என்பதை வாசகர் ஒரு நிமிடம் மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அலுவலகச் செலவுக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச விகிதம் 7 சதவீதம். சுகாதார அமைச்சராக இருந்த குழந்தை மருத்துவர் ஆக்னஸ் பினக்வாஹோவும், பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பின் பால் ஃபார்மரும் இந்த நிபந்தனையில் விடாப்பிடியாக நின்றார்கள்.

இன்னொரு நிபந்தனை காலம் பற்றியது. பொதுவாக ஓராண்டு முழுக்கத் தங்கிக் கற்பிக்க வேண்டும். நுண்சிறப்புத் துறையினருக்கு மட்டும் இரண்டு மாத அளவிலான வருகை. ஒவ்வோர் அமெரிக்க ஆசிரியருக்கும் ஒரு ருவாண்டா ஆசிரியர் இணை. ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பேர் என்று தொடங்கும் வெளிநாட்டார் எண்ணிக்கை போகப்போகக் குறைந்து பூஜ்யத்தில் முடியும். பயிற்சி பெறும் முதுநிலை மருத்துவர்கள் படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக எழுதிக்கொடுக்க வேண்டும். விலகும் தேதியை முதல் நாளே எழுதிவைத்த மானியம் இது. பெரும்பாலான மானியங்களில் அந்தத் தேதியைக் கொடுப்பவரின் நாட்டுத் தேர்தல்தான் நிர்ணயிக்கும்.

அவசர சிகிச்சைத் துறையை எடுத்துக்கொள்வோம். 2013-க்கு முன் ருவாண்டாவில் அதற்கென்று முதுநிலைப் படிப்பே கிடையாது. விபத்தில் அடிபட்டவர், மூச்சுத் திணறலோடு வந்த குழந்தை, பிரசவத்தில் ரத்தம் கொட்டும் பெண் எல்லோரையும் கிகாலிப் பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையின் வாசலில் முதலில் பார்த்தவர் ஒரு பொது மருத்துவர். யாரை முதலில் கவனிப்பது, யாருக்கு மூச்சுக்குழாய் வைப்பது, யாரை நேரே அறுவை அரங்குக்குத் தள்ளுவது என்ற முடிவுகளுக்கு அவருக்குத் தனிப் பயிற்சி இல்லை. அனுபவம் மட்டும்தான். 2013-இல் மனிதவளத் திட்டத்தின் கீழ் முதல் அணி பயிற்சியில் சேர்ந்தது. 2018-இல் நாட்டின் முதல் அவசர சிகிச்சை நிபுணர்கள் பட்டம் பெற்றார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்னும் பின்னுமாக 2012-க்கும் 2016-க்கும் இடையே அந்தப் பிரிவில் நேர்ந்த இறப்புகளை ஓர் ஆய்வு ஒப்பிட்டது. அவசரப் பிரிவு இறப்பு விகிதம் 6.3 சதவீதத்திலிருந்து 1.2 சதவீதமாக இறங்கியிருந்தது. எல்லாப் பெருமையையும் ஒரு படிப்புக்கே கொடுத்துவிட முடியாது. அதே காலத்தில் கருவிகளும் வந்தன, நாடும் வளர்ந்தது. ஆனால் இறப்பு குறைந்தது அந்தப் படுக்கைகளில்தான். அந்தப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் நின்றவர்களை உருவாக்கியது அந்த மானியம்தான்.

நோய்க்கூறியல், மனநல மருத்துவம் ஆகிய துறைகளிலும் இப்படி முதன்முதலாக உள்நாட்டு முதுநிலைப் படிப்புகள் தொடங்கின. புற்றுநோய் மையம் ஒன்றை மலைப்பகுதியான புட்டாரோவில் அதே 2012 ஜூலையில்தான் திறந்திருந்தார்கள். கட்டியைப் பரிசோதித்து இது இன்ன புற்று என்று சொல்ல நாட்டில் போதிய நோய்க்கூறியல் மருத்துவர் இல்லாவிட்டால், மையத்தைத் திறந்து என்ன பயன்? மாதிரியைக் கண்டம் தாண்டி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி, பலிக்காத பாதி.

2017-இல் பெப்ஃபார் பணம் நின்றது. ஏழாண்டுத் திட்டத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது. 2012 முதல் 2017 வரை பெப்ஃபார் கொடுத்தது சுமார் 6 கோடி டாலர். எய்ட்ஸுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தில் எலும்பு முறிவு மருத்துவரையும் காது மூக்கு தொண்டை நிபுணரையும் பயிற்றுவிப்பது சரியா என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஓர் எச்.ஐ.வி. நோயாளிக்கும் கால் முறியும், பிரசவ வலி வரும், புற்றுநோய் வரும் என்பது பினக்வாஹோ தரப்பின் பதில். நியாயமான பதில். ஆனால் வாஷிங்டனில் காற்று திசை மாறியிருந்தது. எந்த ஊரில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்கு மருந்து, எத்தனை பேர் ரத்தத்தில் வைரஸ் அடங்கியது என்று எண்ணிக் காட்டக்கூடிய செலவுக்கே முன்னுரிமை என்றானது. ஒரு மயக்கவியல் பேராசிரியரை அந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2020-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் இந்த முதலீட்டை மதிப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. மருத்துவக் கல்வியில் வந்த மாற்றத்தை அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த மாற்றம் எச்.ஐ.வி. நோயாளிகளின் உடல்நலத்தில் எவ்வளவு பிரதிபலித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறது. தொடக்க நிலையை அளந்து வைக்கவில்லை. எதை வைத்து வெற்றியைக் கணிப்பது என்று முதலிலேயே முடிவு செய்யவில்லை. இணை ஆசிரியர் ஏற்பாடும் ஒரே சீராக நடக்கவில்லை. சில துறைகளில் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். சில துறைகளில் அமெரிக்கர் வகுப்பெடுக்க, ருவாண்டா ஆசிரியர் வார்டில் நோயாளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் வாங்கிய சம்பளமும் இருந்தவர் வாங்கிய சம்பளமும் ஒப்பிடக்கூடியவையே அல்ல. 2008-இல் கல்வி மொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிய நாடு அது. பிரெஞ்சில் படித்த மூத்த செவிலியருக்கு அமெரிக்க ஆங்கிலம் தனிச் சுமை.

அறிக்கை கேட்ட கேள்வியோடு எனக்கு உடன்பாடில்லை. கல்லூரி கட்டக் கொடுத்த பணத்தை ஐந்தே ஆண்டில் நோயாளிக் கணக்கில் வசூலிக்கப் பார்ப்பது சரியான அளவுகோலாகாது. ஒரு சிறப்பு மருத்துவர் உருவாகவே நாலைந்து ஆண்டு பிடிக்கும். ஆனால் முதல் நாளில் அளந்து வைக்காத குற்றம் திட்டத்தை வகுத்தவர்களுடையது. எண்ணிக் காட்ட எதுவும் கையில் இல்லாதபோது பணம் கொடுப்பவர் கிளம்பிவிட்டால் அவரை மட்டும் நொந்து பயனில்லை.

பெப்ஃபார் விலகிய பிறகும் ருவாண்டா அரசு சிறிய அளவில் திட்டத்தை 2019 வரை இழுத்துக்கொண்டு போனது. அப்படியும் எண்ணிக்கை போதவில்லை. 2023-இல் அரசு மறுபடியும் ஒரு திட்டம் அறிவித்தது: நான்கு ஆண்டில் சுகாதாரப் பணியாளர் எண்ணிக்கையை நான்கு மடங்காக்குவது. அப்போதும் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் என்ற நிலைதான் இருந்தது. 2012-இல் வைத்த இலக்கு எட்டப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். படித்து முடித்தவர்களைத் தக்கவைப்பதும் கடினமாக இருக்கிறது. எழுதிக்கொடுத்த காலம் முடிந்ததும் தனியார் மருத்துவமனையும் வெளிநாடும் கூப்பிடுகின்றன. மானியத்தால் ஒரு மருத்துவரைப் படிக்கவைக்க முடியும். முப்பது ஆண்டு அவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அந்த முப்பது ஆண்டுச் சம்பளத்துக்கு உள்நாட்டுக் கருவூலத்தில் வழி இல்லையென்றால், ஏழை நாட்டு மானியத்தில் படித்தவர் பணக்கார நாட்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேருவார்.

கருவூலத்தில் வழி உண்டாக்குவது எப்படி என்பதற்கு அதே ருவாண்டாவில் இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மியூச்சுவல் என்று மக்கள் சொல்லும் சமூக மருத்துவக் காப்பீடு 1999-இல் மூன்று மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. 2011 முதல் குடும்பத்தின் வசதிக்கேற்பச் சந்தா: நடுத்தரத்தினர் தலைக்கு ஆண்டுக்கு 3,000 ஃபிராங்க், அன்றைய மதிப்பில் சுமார் 5 டாலர், வசதியுள்ளவர் 7,000, பரம ஏழைகளுக்கான 2,000 ஃபிராங்கை அரசும் கொடையாளரும் கட்டினார்கள். சந்தா கட்டியவர் சுகாதார நிலையத்தில் 200 ஃபிராங்க் கொடுத்து மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். மாவட்ட மருத்துவமனையில் செலவில் பத்தில் ஒரு பங்கு. மக்களில் பெரும்பகுதியினர் இதில் சேர்ந்திருந்தார்கள்.

இதிலும் மானியம் இருந்தது. உலக நிதியம், தன் ஐந்தாம் சுற்று மானியத்தில், ருவாண்டாவின் ஏழைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்கும் காப்பீட்டுச் சந்தா கட்டியது. மூன்று நோய்களுக்கான நிதி, எல்லா நோய்க்குமான காப்பீட்டுக்குப் போவதா என்று அப்போதும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் இங்கே மானியம் வந்து விழுந்த இடம் ஒரு நிரந்தரக் கல்லாப்பெட்டி. 2015-இல் காப்பீட்டை நாட்டின் சமூகப் பாதுகாப்பு வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். 2020-இல் பிரதமர் ஆணை ஒன்று போட்டு உள்நாட்டு வருமானத்தை அதற்குத் திருப்பிவிட்டார்கள்: ஊழியர் கைக்கு வரும் சம்பளத்தில் 0.5 சதவீதம், போக்குவரத்து அபராதத்தில் ஒரு பங்கு, சூதாட்ட விளையாட்டு நிறுவனங்கள் கட்டும் பணம் என்று. கிகாலிச் சாலையில் வேகமாகப் போய் மாட்டிக்கொள்பவரின் அபராதத்தில் ஒரு துளி, வடக்கு மலையில் ஒரு விவசாயியின் சிகிச்சைக்குப் போகிறது. கொடையாளர் வெளியேறினாலும் பெட்டி காலியாகாது. இப்படிப் பார்த்தால் மனிதவளத் திட்டத்தை விடக் காப்பீட்டுக்குக் கொடுத்த மானியம்தான் சுயசார்புக்கு அதிகம் உதவியிருக்கிறது என்பேன், பத்திரிகைகளில் அது அதிகம் பேசப்படவில்லை என்றாலும்.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பில் கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் இந்தியாவில் தொடங்கிய ஆவஹான் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாட்டில் அதைச் சென்னையின் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் வழிநடத்தியது. மொத்தச் செலவு சுமார் 33.8 கோடி டாலர். அதைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்படைப்பது என்று முடிவானபோது ஒரேயடியாகக் கைகழுவவில்லை. 2009-இல் 10 சதவீதப் பணிகள், 2011-இல் 20, 2012-இல் மிச்சம் 70 என்று மூன்று தவணை. ஒப்படைக்கும் முன்பே ஊழியர் எண்ணிக்கை, சம்பளம், கணக்கு முறை எல்லாவற்றையும் அரசு வரம்புக்குக் கொண்டுவந்தார்கள். வலிக்காமல் இல்லை, சம்பளம் குறைந்தது, அரசுப் பணம் தாமதமாக வந்தது, அலுவலகத்தில் படிவங்கள் பெருகின. ஆனாலும் சேவை பெரும்பாலும் தொடர்ந்தது. வாங்கிக்கொள்ள ஓர் அரசு அமைப்பு ஏற்கெனவே இருந்தது, அதனிடம் பட்ஜெட் இருந்தது. தமிழ்நாடு 1994-லேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்திருந்தது. ருவாண்டாவில் 2017-இல் நடந்ததையும் இதையும் அருகருகே வைத்தால், கொடையாளர் கிளம்பும் முறைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது தெரியும்.

கருவிகளின் கதையும் இதே போன்றதுதான். காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பெர்ட் எந்திரத்தை மானியத்தில் வாங்கி வைப்பது எளிது; படம் எடுத்துப் போடலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் வேண்டும். கொடையாளர்கள் பேரம் பேசி 2012-இல் அதன் விலையை 9.98 டாலருக்கு இறக்கினார்கள், 2023-இல் 7.97 டாலர். ஏழை நாட்டின் காசநோய்த் துறைக்கு அந்த எட்டு டாலர் ஆண்டுதோறும், நோயாளிதோறும் வரும் செலவு. எந்திரத்தை வாங்கிக்கொடுத்தவர் கார்ட்ரிட்ஜுக்கு எத்தனை ஆண்டு பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அமைச்சகங்கள் உலகில் ஏராளம்.

ருவாண்டாவைப் பிற நாடுகள் அப்படியே நகலெடுக்க முடியுமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை 7 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளவைத்த அதே அரசு, எதிர்க்கட்சியையும் பத்திரிகையையும் கடும் பிடியில் வைத்திருக்கும் அரசு. மாவட்டத் தலைவர்கள் அதிபரிடம் ஆண்டு இலக்குகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் முறை அங்கே உண்டு. காப்பீட்டில் சேர்ந்தவர் விகிதமும் அந்த இலக்குகளில் ஒன்று. அதை எட்டச் சில ஊர்களில் ஏழைகள் மீது அழுத்தம் வந்ததும் நடந்தது. கண்டிப்பான நிர்வாகம் கொடையாளரை வழிக்குக் கொண்டுவந்தது; அதே அரசின் அயலுறவு நடவடிக்கை கொடையாளரைத் திரும்பத் திரும்ப விரட்டவும் செய்கிறது. 2025 பிப்ரவரியில், எம்23 மறுபடியும் கிழக்குக் காங்கோவின் நகரங்களைப் பிடித்தபோது, பெல்ஜியத்தோடு இருந்த வளர்ச்சி ஒத்துழைப்பை ருவாண்டாவே முறித்துக்கொண்டது. மார்ச்சில் தூதரக உறவும் முறிந்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் உதவியைச் சுருக்கின. 2012-இன் மறுபதிப்பு. போரின் விலையில் ஒரு பகுதியை நோயாளிகள் கட்டுகிறார்கள் என்பதை ருவாண்டாவின் புகழ்பாடும் சுகாதாரக் கட்டுரைகள் சொல்வதில்லை.

எல்லாக் குறைகளோடும் சேர்த்து, உருவாக்கிய ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு 2024-இல் சோதனை வந்தது. செப்டம்பர் 27 அன்று மார்பர்க் வைரஸ் பரவல் உறுதியானது. எபோலாவின் நெருங்கிய உறவு. சில இடங்களில் தொற்றியவர்களில் பத்தில் எட்டு பேருக்கும் மேல் கொன்றிருக்கும் வைரஸ். கிகாலியின் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது. பாதிக்கப்பட்டோரில் ஐந்தில் நான்கு பேர் சுகாதாரப் பணியாளர்கள். 66 பேருக்கு நோய் உறுதியாகி 15 பேர் இறந்தார்கள். நான்கில் ஒருவருக்கும் குறைவு. மார்பர்க் வரலாற்றில் மிகக் குறைந்த இறப்பு விகிதங்களில் ஒன்று. செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்ட இரண்டு நோயாளிகளை அதிலிருந்து மீட்டு மூச்சுவிட வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் மார்பர்க் நோயாளிகளுக்கு அது முதல்முறை. டிசம்பர் 20 அன்று பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும் எதிரணு மருந்தும் அமெரிக்காவிலிருந்து சில நாட்களில் பறந்து வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுயசார்பு உள்ள நாடும் வெளியிலிருந்து மருந்து வாங்கும். படுக்கையருகே நின்று அந்த மருந்தை முறையாகச் செலுத்தவும், சுவாசக் கருவியை இயக்கவும், எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்கவும் ஆள் உள்ளூரில் இருந்ததுதான் இறப்பைக் குறைத்தது.

ஒரே மாதம் கழிந்தது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப் அரசு வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாள் நிறுத்திவைத்தது. ஜூலை 1-ஆம் தேதியோடு, அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பே இல்லாமல் போயிற்று. செப்டம்பரில் வந்த புதிய அமெரிக்க உலக சுகாதாரக் கொள்கை, தொண்டு நிறுவனங்களைத் தாண்டி அரசுகளோடு நேரடி ஒப்பந்தம், படிப்படியாகச் செலவை அந்தந்த நாட்டின் தலையில் மாற்றுவது என்று பேசுகிறது. டிசம்பர் 4 அன்று கென்யா முதலில் கையெழுத்திட்டது; அடுத்த நாள் ருவாண்டா. ஐந்தாண்டில் அமெரிக்கா 15.8 கோடி டாலர் வரை தரும். ருவாண்டா தன் உள்நாட்டுச் சுகாதாரச் செலவை 7 கோடி டாலர் கூட்டும்.

சொல்லப்போனால், 2012-இல் பினக்வாஹோவும் ஃபார்மரும் கெஞ்சியும் வாதாடியும் பெற்றது இதே வாசல்தான்: இடைத்தரகர் இல்லாத நேரடிப் பணம், விலகும் தேதியோடு. அன்று வாங்கும் நாடு கேட்டு வைத்த தேதி. இன்று கொடுக்கும் நாடு தன் வசதிக்கு வைக்கும் தேதி. கூடவே புதிய நிபந்தனைகளும் வருகின்றன. நோயாளிகளின் தகவல்களைப் பகிரும் பிரிவு கென்ய ஒப்பந்தத்தில் இருந்தது. அதைச் செயல்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது.

இந்த ஒப்பந்தங்கள் மோசமானவை என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அவற்றில் கையெழுத்திடும் எந்த அரசும் நான்கு விஷயங்களைத் தன் மக்கள் முன் வைத்தாக வேண்டும்: இன்றைய நிலையை அளந்த கணக்கு; மானியத்தில் வேலை பார்ப்போர் எந்த ஆண்டு, எந்தச் சம்பள விகிதத்தில் அரசுப் பட்டியலுக்கு வருவார்கள் என்ற அட்டவணை; உள்நாட்டுப் பங்கு எந்த வரியிலிருந்து வரும் என்ற ஆணை; கொடுப்பவர் நடுவில் நிறுத்தினால் என்ன என்ற விதி. 2012 திட்டத்தில் முதலாவதும் கடைசியும் இல்லை. அவை இல்லாமல்தான் 2017 வந்தது. மீண்டும் அதே ஓட்டையோடு கையெழுத்துப் போட ருவாண்டாவுக்குச் சாக்கு எதுவும் கிடையாது.